ரெண்டு பை வச்ச சட்டை

அந்த போன் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க சார். கண்ணு முன்னாடி இம்புட்டு பெரிய ஹாக்கி கிரவுண்டு கிடக்கு, நீங்க என்னடான்னா எங்கயோ நடக்குற கிரிக்கெட்டைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. இடைவேளைதானேங்குறீங்களா? இடைவேளைன்னா ஒரு டீ குடிக்கலாம், இல்ல பக்கத்துல உக்காந்திருக்குற மனுசன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம். கோவிச்சுக்காதீங்க, என் வாய் அப்படி. உங்களை மாதிரி ஆளுங்க சேர்ந்துதான் என் பக்கத்தை மூடுனீங்க, அந்த எரிச்சல்.

எந்தப் பக்கமா? பேப்பர் பக்கம் சார். வெளையாட்டுப் பக்கம். நான் வேலாயுதபெருமாள். கோவில்பட்டியில ரிப்போர்ட்டர் அண்ணாச்சின்னு கேட்டா வீட்டைக் காட்டுவாங்க. கேட்டாத்தானே, இப்ப எவன் கேக்குறான். ‘தென்திசை’ பேப்பர்ல முப்பத்தோரு வருசம் இந்தப் பக்கத்து வெளையாட்டுச் செய்தி பூராம் என் கையெழுத்துதான். பேப்பர் இன்னும் வருது, நாசமாப் போக. வெளையாட்டுப் பக்கம்தான் இல்ல.

மொதல்ல ரெண்டு பக்கம் இருந்துச்சு. கடைசிப் பக்கமும் அதுக்கு முந்துன பக்கமும். பள்ளிக்கூடத்து வாலிபால்னாலும் ஸ்கோர் வரும், கோல் போட்ட பிள்ளை பேரு வரும். பெறவு நீலமேகம்னு ஒருத்தன் திருநெல்வேலி ஆபீஸுக்கு செய்தி ஆசிரியரா வந்து சேர்ந்தான். வந்த அன்னைக்கே சொல்லிட்டான், கிரிக்கெட்டு ஏஜென்சில இருந்து தானா வருது, உங்க ஊரு ஹாக்கியை எவன் படிக்கிறான் அண்ணாச்சின்னு. கொஞ்ச வருசம் பொறுத்துக் கடைசிப் பக்கத்தைப் பட்டுச்சேலைக் கடைக்காரனுக்குக் குடுத்தான். எங்களை உள்ள தள்ளி ராசிபலனுக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவுல வச்சான். அரைப் பக்கம் கால் பக்கமாச்சு, கால் பக்கம் ரெண்டு பத்தியாச்சு. ரெண்டாயிரத்துப் பதினாலுல ஒரு நாள் அதுவும் இல்ல. என்னைக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் பிடிக்கப் போகச் சொன்னான். செத்த வீட்டு வாசல்ல நின்னு போட்டோ கேக்கணும். முப்பத்தோரு வருசம் எழுதுன கையி சார் இது. போய்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என் சட்டையையே பாக்குறீங்க. ஆமா, ரெண்டு பை. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எல்லாச் சட்டையும் இப்படித்தான் தைப்பேன். அது தொழில் சார். வெளையாட்டுச் செய்தி எப்படிப் போகும்னு நினைக்கிறீங்க? அப்ப இந்த வாட்ஸ்அப்பு எழவெல்லாம் ஏது. கையால எழுதி, கவர்ல போட்டு, பஸ் ஸ்டாண்டுல ஆறு பத்து திருநெல்வேலி வண்டிக் கண்டக்டர்கிட்ட குடுக்கணும். அங்க ஆபீஸ் ஆளு வந்து வாங்கிக்கிடுவான். மேட்ச் முடியுறதே ஆறு மணிக்கு. முடிஞ்ச பெறவு எழுதுனா வண்டி போயிரும். அதனால கடைசிப் பத்து, பதினஞ்சு நிமிசம் இருக்கும்போதே நான் எந்திரிச்சிருவேன். பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல டீக்கடை. அங்க உக்காந்து ரெண்டு செய்தி எழுதுவேன். நாம செயிச்சா ஒண்ணு, தோத்தா ஒண்ணு. செயிச்சது வலது பை, தோத்தது இடது பை. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு சண்முகக்கனி வாத்தியாரு கிரவுண்டுல இருந்து போன் போட்டு முடிவு சொல்லுவாரு. அவருதான் ஸ்கோர் எழுதுற மேசையில இருப்பாரு. சரியான கவரைக் கண்டக்டர்கிட்ட குடுத்துட்டு மத்ததைக் கிழிச்சிருவேன்.

ஆமா, முடிவைப் பாத்ததில்ல. அதுக்கு ஏன் அப்படிப் பாக்குறீங்க? முப்பத்தோரு வருசமா ஒரு மேட்ச்சோட முடிவையும் கண்ணால பாத்ததில்லதான். கல்யாண வீட்டுல சமையக்காரன் தாலி கட்டுறதைப் பாக்குறானா? மறுநாள் பேப்பரைப் படிச்சவன் எல்லாம் பக்கத்துல நின்னு பாத்தது மாதிரி இருக்கு அண்ணாச்சிம்பான். அதுதான் எழுத்து.

விசில் ஊதிட்டான். மூணாவது கால் மணி ஆரம்பம். ஒண்ணு - பூஜ்யம், நம்ம பிள்ளைங்க முன்னால இருக்கு. ஆனா தஞ்சாவூர்க்காரிக விட மாட்டாளுக. நம்ம கோலியை, அந்தக் கோல் காக்குற பிள்ளையைப் பாருங்க, சும்மா நட்டு வச்ச மரம் மாதிரி. காலை அகட்டி நிக்கிறதைப் பாருங்க. யாரு சொல்லிக் குடுத்தது? வேற யாரு, அந்தா கோட்டுக்கு வெளிய தொப்பி போட்டு நிக்கிறாளே, அந்தக் கோச்சுதான். மரியபுஷ்பம். அவளும் ஒரு காலத்துல கோலிதான். அவ என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. அவ சொல்லலைன்னாலும் அவ முகம் சொல்லும்.

இன்னைக்கு நான் வந்ததே அவ கூப்பிட்டுத்தான். காலையில போன். என் பேப்பர்ல பக்கம் போன பெறவு அவ என்ன பண்றா தெரியுமா? கிரவுண்டு வாசல்ல கரும்பலகை மாதிரி ஒரு போர்டு இருக்குல்ல, அதுல ஒவ்வொரு மேட்ச்சையும் அவளே எழுதி ஒட்டுறா. வாக்கிங் வர்றவன், பால் வாங்கப் போறவன் எல்லாம் நின்னு படிக்கிறான். கோச்சு செய்தி எழுதலாமா? எழுத்தா அது? யாரு அடிச்சா, யாரு தடுத்தா, எந்த நிமிசம். அம்புட்டுதான். ஒரு அடைமொழி கிடையாது. அதைப் போய் நின்னு படிக்கிறானுங்க.

போன்ல சொல்றா, “இன்னைக்கு ஃபைனல் அண்ணாச்சி. நீங்க வந்து எழுதிக் குடுங்க, உங்க பேரு போட்டு போர்டுல ஒட்டுறேன். ஆனா கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டு எழுதணும்.” அந்தக் கடைசி வார்த்தை இருக்கே, அதுக்குத்தான் போனே போட்டுருக்கா. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. ஆனாலும் வந்துட்டேன். பதினோரு வருசமாச்சு சார் என் பேரை எழுத்துல பாத்து.

கதையைக் கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க. ரெண்டாயிரத்து மூணு, இதே கிரவுண்டு, அப்ப இந்தப் பச்சைத் தரையெல்லாம் இல்ல, செம்மண்ணு. பொம்பளப் பிள்ளைங்க ஃபைனல். மத்த பேப்பர்க்காரன் எல்லாம் பொம்பளப் பிள்ளைங்க மேட்ச்சுக்கு ஆள் அனுப்புறதையே நிறுத்திட்டான். நான் ஒருத்தன்தான். நான் எழுதுனாத்தான் அந்த மேட்ச் நடந்ததுன்னே வெளிய தெரியும். புஷ்பத்துக்குப் பதினெட்டு வயசு. அவ அப்பனும் ஆத்தாளும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. நல்லா வெளையாடுவா, இல்லைங்கல. ஆனா வாய். முந்துன நாள் செமி ஃபைனல்ல நான் எந்திரிக்கிறேன், இவ அந்த முகமூடியைக் கழட்டிட்டு அம்புட்டு பேருக்கு முன்னாடி கேக்குறா, அண்ணாச்சி, நீங்க ஏன் எப்பவும் பாதியில போயிருதீங்க, எங்க வெளையாட்டு அம்புட்டு மோசமாவா இருக்குன்னு. கூட்டம் கொல்லுனு சிரிச்சிருச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. அதுக்கும் மறுநாள் நடந்ததுக்கும் சம்பந்தமே கிடையாது. இதை முதல்லயே சொல்லிர்றேன்.

மறுநாள் சிறப்பு விருந்தினர் வர லேட்டு. கால் மணி நேரம் தள்ளித்தான் மேட்ச்சே ஆரம்பிச்சாங்க. நம்மாளுக ஒண்ணு போட்டாங்க. பெறவு இந்தப் புஷ்பம், கண்ணை மூடிக்கிட்டுத் தடுக்க வேண்டிய பந்தைக் காலுக்கு நடுவுல விட்டா. ஒண்ணு - ஒண்ணு. சமனா முடிஞ்சா கோலுக்கு நேரா பந்தை வச்சு ஒவ்வொருத்தரா அடிக்கிற ஸ்ட்ரோக்கு, அதுக்குத்தான் போகும்னு கணக்குப் போட்டு நான் எந்திரிச்சேன். டீக்கடையில உக்காந்து ரெண்டும் எழுதுனேன். செயிச்சது சும்மா, வழக்கம்போல. தோத்தது இருக்கே சார், தோத்தது அன்னைக்கு என்னமா வந்துச்சு தெரியுமா. ‘கோட்டை விட்டார் கோலி’ன்னு தலைப்பு. ஸ்ட்ரோக்குல மூணு தடவையும் பந்து ஒரு பக்கம் போக இவ ஒரு பக்கம் பாய்ஞ்சாள்னு எழுதுனேன். ரசிகர்கள் தலையில் கை வைத்து அமர்ந்தனர்னு முடிச்சேன். எழுதுனதைப் படிச்சுப் பாத்தா எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

அய்யய்யோ. அடிச்சுட்டா. பாத்தீங்களா, தஞ்சாவூர்க்காரி ஒண்ணு போட்டுட்டா. நான் சொல்லல? மரம், மரம். அந்தப் பந்தை எங்க வீட்டுப் பூனை தடுக்கும்.

என்ன சார் சொல்றீங்க? உங்க பிள்ளையா?

கோலியா? நம்ம கோலி, அந்தச் சுபிக்ஷா, உங்க மகளா? சாத்தூர்ல இருந்து வந்து விடுதியில தங்கிப் படிக்கிற பிள்ளையா. அதை மொதல்லயே சொல்லக் கூடாதா, நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். இல்ல இல்ல, அது பக்கத்துல இருந்து அடிச்ச அடி, எந்தக் கோலியும் ஒண்ணும் செய்ய முடியாது. நல்ல பிள்ளை. உசரம் இருக்கு. பேரு எனக்கு எப்படித் தெரியும்னா, காலையில வாசல் போர்டுல டீம் லிஸ்ட் பாத்தேன். எதுக்குப் பாத்தேனா? சும்மாதான். ஒண்ணுமில்ல, பையில ஒரு பேப்பர் கிடக்கு, அதைத்தான் தடவிப் பாத்தேன். விழுந்திருச்சோன்னு.

எங்க விட்டேன். ஆங், ஆறு மணி ஆச்சு. ஆறு அஞ்சு ஆச்சு. பூத்துல போன் அடிக்கல. மேட்ச் லேட்டுல்ல, ஸ்ட்ரோக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, வாத்தியாரு எங்கிட்டு இருந்து போன் போட. கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டு அண்ணாச்சி குடுக்குறீரா இல்லையாங்குறான். அடுத்த வண்டியா? இருந்துச்சு, ஆறு நாப்பதுக்கு. ஆனா அந்தக் கண்டக்டர் நமக்குப் பழக்கமில்லாதவன். அதெல்லாம் சரிப்படாது சார். முப்பத்தோரு வருசத்துல ஒரு நாள் நான் ஆறு பத்தைத் தவற விட்டது கிடையாது. குடுத்துட்டேன். இடது பையை.

ஏன் இடதுன்னா என்ன சொல்ல. கை போச்சு. அது நல்லா வந்திருந்துச்சு சார். அதைக் கிழிக்க மனசு வரல. எழுதுறவனுக்குத்தான் அது தெரியும்.

ஆறு இருபத்தஞ்சுக்கு போன் வந்துச்சு. வாத்தியாரு சிரிக்கிறாரு. செயிச்சாச்சு வேலாயுதம், புஷ்பம் மூணு ஸ்ட்ரோக்கைத் தடுத்துட்டா, பிள்ளையைத் தூக்கி வச்சு ஆடுறாங்கங்குறாரு. ரொம்ப சந்தோசம்னு சொல்லி வச்சேன்.

ஆபீஸுக்கு ஏன் போன் பண்ணலைன்னு கேக்குறீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. பூத்து இருந்துச்சு, போன் இருந்துச்சு, பக்கம் முடிக்க எட்டு மணி ஆகும். எல்லாம் சரி. யாருகிட்டச் சொல்லணும்? நீலமேகத்துகிட்ட. நான் தப்பாக் குடுத்துட்டேன்னு அந்த ஆளுகிட்ட நான் என் வாயால சொல்லணும். அவன் அதுக்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக் காத்துக்கிட்டு இருந்தான். மறுநாளே ஊர் வெளையாட்டு வேண்டாம்னு பக்கத்தைத் தூக்கிருப்பான். நான் என் ஒருத்தனுக்காக வாயை மூடல சார். பக்கத்துக்காக மூடுனேன். அந்தப் பக்கத்தைப் பதினோரு வருசம் காப்பாத்துனேன். எத்தனை பிள்ளைங்க பேரு அதுல வந்துச்சு. அதை எவனாவது சொல்றானா?

மறுநாள் பேப்பர் வந்துச்சு. கடைசிப் பக்கம், மேல, நாலு பத்தி. ஊரு சிரிச்சுது, ரெண்டு நாள் சிரிச்சு விட்டுருச்சு. கோப்பை இங்கதான் இருக்கு, எல்லாருக்கும் உண்மை தெரியும். மெட்ராஸ்லதான் தெரியல. மாநில முகாமுக்கு ஆள் எடுக்குறவங்க இங்க வந்தா பாக்குறாங்க? பேப்பர்ல வந்ததைக் கத்தரிச்சு ஃபைல்ல வச்சிருக்காங்க. அதுல ஒரே ஒரு செய்திதான் இருக்கு, நான் எழுதுனது. இவ பேரை அடிச்சிட்டாங்க. முகாமுக்குப் போயிருந்தா ரயில்வேயில வேலைன்னு பேசிக்கிட்டாங்க. போயிருந்தாத்தான். யாருக்குத் தெரியும்?

பேப்பர் வந்த அன்னைக்குச் சாயங்காலமே புஷ்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டா. கழுத்துல அந்த மெடலைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா. அழுவான்னு பாத்தேன், அழல. “திருத்தம்னு மூணு வரி போடுங்க அண்ணாச்சி, அதைக் கத்தரிச்சு நான் மெட்ராஸுக்கு அனுப்பிக்கிடுதேன்” அப்படிங்குறா. சரின்னேன். அவ கண்ணு முன்னாலயே எழுதி, கவர்ல போட்டு, பையில வச்சேன். அனுப்புனேன். அன்னைக்குன்னு பாத்து நகைக்கடை விளம்பரம் முழுப் பக்கம் வந்துருச்சு, போடல. அது என் தப்பா? விளம்பரக்காரன் தப்பு. பேப்பர்க்காரன் தப்பு.

சத்தியமாவான்னா என்ன கேள்வி சார் இது. நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன். போன்லயே சொல்ல முடியாதவன் எழுத்துல எப்படிய்யா குடுப்பேன்? மூணாம் நாள் துணி துவைக்கும்போது என் சம்சாரம் சட்டைப் பையில இருந்து அந்தக் கவரை எடுத்துக் குடுத்தா, பாதி நனைஞ்சு போச்சு. அம்புட்டுதான். மறதி. மனுசன்தானே. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனா, பெறவு படிச்சா, இன்னைக்குக் கோச்சா நிக்கிறா. நல்லாத்தானே இருக்கா? என்ன குறைஞ்சு போச்சு அவளுக்கு? எனக்குத்தான் சார் எல்லாம் போச்சு. அவ என்னைப் பாக்கும்போதெல்லாம் ஒரு வணக்கம் வைக்கிறா பாருங்க, அண்ணாச்சி சௌக்கியமான்னு. அந்த வணக்கத்தை நினைச்சாலே எனக்குச் சோறு இறங்காது.

மணி என்ன? ஒண்ணு - ஒண்ணு, கடைசிக் கால் மணியில மூணு நிமிசம்தான் கிடக்கு. இது ஷூட் அவுட்டுக்குத்தான் போகும், இப்பல்லாம் ஸ்ட்ரோக்குக்குப் பதிலா அதுதான். அப்ப நான் கிளம்புறேன். எங்கயா? பஸ் ஸ்டாண்டுக்கு. வண்டி இல்லைன்னு தெரியும், குடுக்குறதுக்கு ஆபீஸும் இல்லைன்னு தெரியும். இந்த நேரம் ஆனா காலு தானா எந்திரிக்குது, நான் என்ன செய்ய. சார், எனக்கு ஒரு உதவி செய்யுங்க. இந்தாங்க, ரெண்டு கவர். காலையிலயே எழுதிட்டேன். நடுவுல ரெண்டு இடம் விட்டிருக்கேன், ஸ்கோர் மட்டும் நிரப்பிக்கிடலாம். முடிஞ்சதும் எது சரியோ அதைப் புஷ்பம்கிட்டக் குடுத்துருங்க. நான் கடைசி வரைக்கும் இருந்தேன்னு சொல்லிருங்க. மத்ததைக் கிழிச்சிருங்க.

அதைப் பிரிக்காதீங்க. சார், அது இடது பை. அதைப் படிக்காதீங்கன்னு சொல்றேன்ல.

படிச்சிட்டீங்க.

அது சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதுறது சார். தோத்தா யாரையாவது சொல்லணும்ல, இல்லைன்னா செய்தி எப்படி நிக்கும்? உங்க மகள்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற பிள்ளை பேரைப் போட்டிருப்பேன். இல்ல, அப்படிச் சொல்லல. தலைப்பு அதேதான், ஆமா. நல்ல தலைப்பு சார் அது, இன்னொரு தடவை வரட்டுமேன்னு. சட்டையை விடுங்க. பை கிழியுது. எல்லாரும் பாக்குறாங்க. உக்காருன்னா? இல்ல சார், என்னால முடியாது. என்னைப் போக விடுங்க. எனக்குப் பயமா இருக்கு. அது என்னத்துக்குன்னு கேக்காதீங்க, பயமா இருக்கு.

சரி. உக்காந்துட்டேன். கையை எடுங்க.

முழு நேரம் ஆயிருச்சு. உங்க பிள்ளை கோலுக்குப் போறா. கோச்சு அவ தோளைத் தட்டிட்டு இங்கிட்டுப் பாக்குறா. என்னைத்தான் பாக்குறா. நான் இருக்கேனான்னு பாக்குறா. தஞ்சாவூர்க்காரி பந்தை வச்சுட்டா. கோல் அடிக்க எட்டு செகண்டுதான் அவளுக்கு. நான் கண்ணை மூடிக்கிடுதேன் சார். என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க, போதும். விசில் கேட்டுச்சு. ஓடி வர்றா, மட்டைச் சத்தம் கேக்குது.

ஏதோ கத்துறாங்க. யாரு கத்துறா, நம்ம ஆளுகளா, அவங்களா? சார். தடுத்தாளா, விட்டாளா? பக்கத்துலதானே இருக்கீங்க, உங்க மூச்சு கேக்குது. ஏன் பேச மாட்டேங்குறீங்க? ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயைத் திறந்து சொல்லுங்களேன் சார்.